எச்1 எதைப் பிடித்துக்கொள்கிறது? (கடிதம்)

அன்புள்ள சார்,

முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். எச்1 ஹிஸ்டோன் என்ற புரதம் நியூக்ளியோசோமில் (புரத உருளைமேல் டிஎன்ஏ சுற்றியிருக்கும் கட்டமைப்பில்) கிளிப் மாதிரி மாட்டிக்கொண்டு டிஎன்ஏ அவிழாமல் பார்த்துக்கொள்கிறது என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படி இறுக்கிப் பிடித்தால் ஒரு ஜீன் தேவைப்படும்போது செல் என்ன செய்யும்? ஒட்ட வேண்டிய இடத்தை எச்1 எப்படிக் கண்டுபிடிக்கிறது, டிஎன்ஏவின் வரிசையைப் படித்தா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வரிசை எச்1க்குப் பெரிய விஷயமே இல்லை. டிஎன்ஏ அங்கே எப்படி வளைந்து கிடக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளைமேல் சுமார் 147 கார இணை நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றியிருக்கிறது இல்லையா, அந்தச் சுற்றுக்குள் நுழையும் இழையும் வெளியேறும் இழையும் சுற்றின் நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து சேர்கின்றன. இப்படி மூன்று டிஎன்ஏ துண்டுகள் நெருங்கி நிற்கும் இடம் நியூக்ளியோசோமில் வேறெங்கும் கிடையாது. எச்1இன் உருண்டைப் பகுதி அங்கே போய் உட்காருகிறது. குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த இழையை, டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதி கொண்டு வெட்டிப் பார்த்தால், எச்1 இருக்கும்போது 147க்குப் பதில் சுமார் 166 இணைகள் வெட்டுப்படாமல் மிஞ்சும். சரியாக நடுவில் உட்காருகிறதா, சற்றே ஒதுங்கியா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. இரண்டு வகையும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

கோழியின் ரத்தச் சிவப்பணுவில் எச்1இன் உறவுக்காரப் புரதம் ஒன்று உண்டு, எச்5. அதன் உருண்டைப் பகுதியின் படிக அமைப்பை 1993இல் வெளியிட்ட குழுவை நடத்தியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் அவர் நோபல் வாங்கியது தெரிந்த அளவுக்கு இந்த வேலை நம் ஊரில் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

இனி இறுக்கத்துக்கு வருவோம். உருண்டைப் பகுதியிலிருந்து நீளும் எச்1இன் வால் ஏறத்தாழ 100 அமினோ அமிலம் நீளம், அதில் கிட்டத்தட்ட 40 சதவீதம் நேர்மின்னூட்டம் கொண்ட லைசின். நிலையான வடிவம் எதுவும் இல்லாத இந்த வால், தன் நேர்மின்னூட்டத்தால் டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டத்தை ஈர்த்து ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு ஒட்டியும் அது நிலையாக அங்கேயே இருப்பதில்லை! 2000இல் உயிருள்ள செல்லில் ஒளிரும் எச்1ஐ வைத்துப் பார்த்தார்கள்: லேசரால் ஓர் இடத்தின் ஒளியை அணைத்தால் சில நிமிடங்களிலேயே புது எச்1 வந்து அந்த இடம் மறுபடி ஒளிர்கிறது. உருளையில் இருக்கும் ஹிஸ்டோன்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் நகராது. ஆக, கிளிப் என்ற உவமை இடத்தைச் சொல்ல உதவும், நேரத்தைச் சொல்ல உதவாது.

செல்லில் எச்1ஐக் கழற்றிவிடவும் ஆள் இருக்கிறது. புரோதைமோசின் ஆல்ஃபா என்று ஒரு புரதம், அதுவும் வடிவமில்லாதது, ஆனால் கடுமையான எதிர்மின்னூட்டம் கொண்டது. எச்1இன் ஒரு வகையான எச்1.0இன் மின்னூட்டம் +53, இதற்கு −44. 2018இல் வெளியான ஆய்வில் இரண்டும் மிக உறுதியாகச் சேர்ந்தன, சேர்ந்த பிறகும் இரண்டுக்குமே வடிவம் வரவில்லை. நியூக்ளியோசோமில் உட்கார்ந்திருக்கும் எச்1இன் வாலை இது பிடித்துக்கொள்ளும்போது டிஎன்ஏமேல் இருக்கும் பிடி தளர்ந்து எச்1 கழன்றுவிடுகிறது.