கேன்சர் செல்லுக்கு இரும்பு எதுக்கு? மார்பகப் புற்றுநோயும் இரும்புச்சத்தும்: கேள்வி பதில்

மார்பகப் புற்றுநோய்ல இரும்புச்சத்துக்கு என்ன வேலைன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துருக்கு, ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேத்துட்டேன். முதல்லயே சொல்லிடறேன், நான் லேப்ல கேன்சர் செல் வளத்து அதுக்குள்ள இரும்பு எப்படிப் போகுது வருதுன்னு பாக்கற ஆளு, மருந்து எழுதிக் குடுக்கற டாக்டர் இல்ல. மாத்திரை ஆரம்பிக்கறது, நிறுத்தறது எல்லாம் உங்க டாக்டரக் கேட்டுட்டுத்தான்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு மார்பகத்துல கேன்சர்னு போன மாசம் தெரிஞ்சுது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் எதுவும் குடுக்காதீங்க, இரும்பு கேன்சருக்குத் தீனின்னு வாட்ஸப்ல வந்துச்சு. நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க மா, தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. நம்ம உடம்புல மொத்தமா 3லேர்ந்து 4 கிராம் இரும்பு இருக்கு, அதுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா ரத்த சிவப்பணுலதான் இருக்கு. சாப்பாட்டுலேர்ந்து குடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கறது வெறும் 1லேர்ந்து 2 மில்லிகிராம், ஆனா வயசான சிவப்பணுவ உடச்சு உடம்பு தனக்குள்ளயே திரும்பப் பயன்படுத்தறது தினமும் 20, 25 மில்லிகிராம். கட்டிக்குத் தேவையான இரும்பு ஏற்கெனவே ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கு, நீங்க கீரைய நிறுத்தினா அது பட்டினி கிடக்காது, அம்மாவுக்குத்தான் ரத்தம் குறையும். கீமோ ஆரம்பிக்கப் போற நேரத்துல ரத்தம் குறைஞ்சா மூச்சு வாங்கும், அசதி வரும், சில சமயம் கீமோவே தள்ளிப் போகும். நல்லா சமைச்சுக் குடுங்க.

கேள்வி: அப்போ இரும்புக்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையா மேடம்? ரிசர்ச் பேப்பர்லயே இருக்குன்னு சொல்றாங்களே.

சம்பந்தம் நிறைய இருக்கு, ஆனா அது தட்டுல இல்ல, செல்லுக்குள்ள இருக்கு. செல் ரெண்டாப் பிரியணும்னா டிஎன்ஏவ நகல் எடுக்கணும், அதுக்கு வேண்டிய பொருளத் தயாரிக்கற என்சைம் இரும்பு இல்லாம ஓடாது. வேகமாப் பிரியற கேன்சர் செல்லுக்கு அதனாலதான் இரும்பு மேல அவ்வளவு ஆச.

ரத்தத்துல டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரதம் ஒரு தடவைக்கு ரெண்டு இரும்பு அணுவத் தூக்கிட்டுப் போகும். செல்லோட மேல்பரப்புல அதுக்குன்னு இருக்கற ரிசப்டர்ல போய் ஒட்டும், செல் அத அப்படியே உள்ள இழுத்துக்கும், உள்ள ஒரு சின்னப் பையில அமிலத்தன்மை ஏறும், அப்போ இரும்பு கழண்டு விழும், காலியான டிரான்ஸ்ஃபெரின் மறுபடி ரத்தத்துக்கே வந்துடும். கேன்சர் செல்லுல இந்த ரிசப்டர் சாதாரண செல்ல விட அதிகமா இருக்கும்.

வெளிய போற வழிதான் இன்னும் முக்கியம். செல்லுலேர்ந்து இரும்பு வெளிய போக நமக்குத் தெரிஞ்ச கதவு ஒண்ணே ஒண்ணுதான், பேரு ஃபெர்ரோபோர்ட்டின். ஈரல்ல சுரக்கற ஹெப்சிடின்ங்கற ஹார்மோன் அதுல வந்து ஒட்டினா செல் அந்தக் கதவ உள்ள இழுத்து அழிச்சுடும், அப்புறம் இரும்பு உள்ளயே மாட்டிக்கும். அமெரிக்காவுல வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டில டோர்ட்டி தம்பதியோட குழு 2010ல இத மார்பகப் புற்றுநோய்ல பாத்தாங்க. கேன்சர் செல்லுல ஃபெர்ரோபோர்ட்டின் குறைஞ்சு போயிருந்துச்சு, அத மறுபடி அதிகமாக்கின செல்ல எலிக்கு வெச்சப்போ கட்டி மெதுவா வளந்துச்சு. 800க்கு மேல பெண்களோட கட்டில ஜீன் அளவப் பாத்தப்போ, ஃபெர்ரோபோர்ட்டின் அதிகமாவும் ஹெப்சிடின் கம்மியாவும் இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல 10 வருஷம் தாண்டி உயிரோட இருந்தாங்க. மார்பக செல்லே சொந்தமா ஹெப்சிடின் தயாரிக்குதுன்னும் அதுல தெரிஞ்சுது, அதாவது ஈரல் சொல்லாமயே கட்டி தன் கதவத் தானே சாத்திக்குது. நான் இந்தத் துறைக்குள்ள இறங்கினதே இந்த ஒரு விஷயத்தாலதான்.

கேள்வி: அந்த ஃபெர்ரோபோர்ட்டின் டெஸ்ட்ட பயாப்சியோட சேத்து எடுக்க முடியுமா?

இப்போதைக்கு ஆஸ்பத்திரில வழக்கமா எடுக்கறது இல்ல. கட்டில ஹார்மோன் ரிசப்டர் இருக்கான்னு பாக்கற ஈஆர், பிஆர், ஹெர்2ங்கற புரதம் அதிகமா இருக்கான்னு பாக்கற டெஸ்ட், இந்த மூணு ரிப்போர்ட்டும் வெச்சுத்தான் சிகிச்சைய முடிவு பண்றாங்க, அது சரியா வந்துருக்கான்னு பாருங்க, அதுதான் முக்கியம்.

கேள்வி: வீட்டுக்காரம்மாவுக்கு மூணாவது கீமோ முடிஞ்சுது. எச்பி 9.1, ஃபெரிட்டின் 260, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 12 சதவீதம். ஃபெரிட்டின் நல்லா இருக்கே, இரும்பு போதும்னு லேப்ல சொல்றாங்க. அப்புறம் ஏன் ரத்தம் ஏறல?

ஐயா, இந்த ரிப்போர்ட்ல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஃபெரிட்டின்ங்கறது சேமிப்புல எவ்வளவு இருக்குன்னு காட்டும், ஆனா உடம்புல அழற்சி இருந்தா, கேன்சர் இருந்தா அது தானாவே ஏறிடும். அழற்சில ஹெப்சிடினும் ஏறும், சேமிப்புல இருக்கற இரும்பு வெளிய வராம அடைஞ்சுடும், எலும்பு மஜ்ஜை புது ரத்தம் பண்ணலாம்னு பாத்தா கைக்கு இரும்பு வராது. அதான் உங்க வீட்டுல நடக்குது, 260 இருந்தும் சாச்சுரேஷன், அதாவது டிரான்ஸ்ஃபெரின்ல எவ்வளவு சதவீதம் இரும்பு ஏறியிருக்குங்கற கணக்கு, 20க்குக் கீழ 12ல நிக்குது. கேன்சர் நோயாளிகளுக்கு ஃபெரிட்டின் 100க்குக் கீழ இருந்தாலே இரும்புக் குறைபாடுன்னுதான் எடுத்துக்கறாங்க, 100க்கு மேல இருந்து சாச்சுரேஷன் 20க்குக் கீழ இருந்தா இரும்பு இருந்தும் பயன்படலன்னு அர்த்தம்.

இந்த நிலைமைல மாத்திரை அவ்வளவா எடுபடாது, ஏன்னா குடல்லயும் அதே ஃபெர்ரோபோர்ட்டின்தான், அதையும் ஹெப்சிடின் அடைச்சுடும். நரம்பு வழியா டிரிப்ல இரும்பு ஏத்தலாமான்னு டாக்டர் கிட்ட கேளுங்க. காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஏத்தக் கூடாது. பி12, ஃபோலிக் ஆசிட், கிட்னி எல்லாம் பாத்தாச்சான்னும் கேட்டுருங்க, கீமோவே மஜ்ஜைய அடக்கியும் ரத்தம் குறையலாம். ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போடலாம்னு யாராவது சொன்னா நல்லா விசாரிங்க, மார்பகப் புற்றுநோய் உட்பட சில ஆய்வுகள்ல ஆயுள் குறைஞ்சது தெரிஞ்சு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007ல கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு. குணமாக்கற நோக்கத்துல கீமோ எடுக்கறவங்களுக்கு அது வேண்டாம்ங்கறதுதான் இன்னைக்கு நிலை.

கேள்வி: எனக்கு எச்பி 12.8 இருக்கு. கீமோவுல குறையக் கூடாதுன்னு முன்கூட்டியே இரும்பு மாத்திரை, பி12 எல்லாம் மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிறேன். பரவாயில்லையா?

வேண்டாம் மா, டாக்டர் கிட்ட சொல்லாம போடாதீங்க. அமெரிக்காவுல மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1134 பேர்கிட்ட என்னென்ன சப்ளிமென்ட் எடுத்தீங்கன்னு கேட்டு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, கீமோ சமயத்துல இரும்பு எடுத்தவங்களுக்கு நோய் திரும்ப வர்றது அதிகமா இருந்துச்சு, பி12 எடுத்தவங்களுக்கும் அப்படித்தான். இது இரும்புதான் காரணம்னு நிரூபிச்ச ஆய்வு இல்ல, உடம்பு ரொம்ப முடியாதவங்கதான் இரும்பு எடுத்துருப்பாங்கன்னும் சொல்லலாம், நான் அத மறுக்கல. ஆனா குறைபாடே இல்லாதவங்க எதுக்கு அந்த ரிஸ்க் எடுக்கணும்? குறைபாடு இருந்தா அளந்து பாத்து சரி பண்ணனும், இல்லன்னா சும்மா விடணும். இந்தியாவுல 15லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுச்சு, அதனால இந்தப் பதிலப் படிச்சுட்டு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க.

மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒண்ணு. ஒரு டோஸ் போட்டா ஹெப்சிடின் ஏறி அடுத்த நாள் வரைக்கும் நிக்கும், அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா நல்லா உறிஞ்சுதுன்னு சுவிட்சர்லாந்துல இளம் பெண்கள வெச்சுப் பண்ண ஆய்வு 2017ல காட்டுச்சு. வயித்து வலி, மலச்சிக்கல்னு கஷ்டப்படறவங்க இதப் பத்தி டாக்டர் கிட்ட பேசிப் பாக்கலாம். டீ, காபியோட சேத்துப் போடாதீங்க.

கேள்வி: அக்கா, செவப்பு மருந்து ஏத்துறாங்க, அது இதயத்தப் பாதிக்கும்னு எக்கோ எடுக்கச் சொன்னாங்க. அதுலயும் இரும்புக்குப் பங்கு இருக்காமே?

இருக்கு. அது டாக்ஸோரூபிசின். இதய செல்லுக்கு சக்தி தயாரிச்சுக் குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவுல இரும்பு தேங்கி அங்க சேதம் நடக்கறது ஒரு காரணம்னு காட்டியிருக்காங்க. அதத் தடுக்க டெக்ஸ்ராஸாக்ஸேன்னு இரும்பப் பிடிச்சு வெச்சுக்கற ஒரு மருந்து இருக்கு, மொத்த டோஸ் ஒரு அளவு தாண்டின, நோய் பரவின பெண்களுக்கு 1995லேர்ந்து அமெரிக்காவுல அனுமதி உண்டு. எல்லாருக்கும் தேவைப்படாது. இரும்பு டிரிப்பும் டாக்ஸோரூபிசினும் ஒரே நாள்ல வேண்டாம்னு சொல்வாங்க, அத மட்டும் ஞாபகமா கேட்டுக்குங்க.

கேள்வி: ஃபெரோப்டோசிஸ்னு படிச்சேன், இரும்ப வெச்சே கேன்சர் செல்லக் கொல்லலாமாமே?

ஆமா தம்பி, 2012ல கொலம்பியா யுனிவர்சிட்டில டிக்ஸன், ஸ்டாக்வெல் குழு வெச்ச பேரு. இரும்பு நிறைய இருக்கற செல்லுல சவ்வோட கொழுப்பு ஆக்சிடைஸ் ஆகி செல் செத்துடும், அதத் தடுக்கற ஜிபிஎக்ஸ்4ங்கற என்சைம மடக்கணும், அவ்வளவுதான். டிரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஈஆர், பிஆர், ஹெர்2 மூணுமே நெகட்டிவா இருக்கற வகைச் செல்லுங்க இதுக்கு லேப்ல நல்லா மசியுது. ஆஸ்பத்திரில குடுக்கற மருந்தா இன்னும் வரல, இந்தப் பேரச் சொல்லி யாராவது பவுடரோ கஷாயமோ வித்தா வாங்காதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு 44 வயசுல மார்பகப் புற்றுநோய் வந்துச்சு, எனக்கு இப்போ 31. ரத்த தானம் பண்ணி இரும்பக் குறைச்சுக்கிட்டா எனக்கு வராம இருக்குமா?

அமெரிக்காவுல கால் ரத்தக்குழாய் நோய் இருந்தவங்களுக்கு அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாத்தப்போ கேன்சர் கம்மியாச்சுன்னு 2008ல வந்துச்சு, ஆனா அவங்க கிட்டத்தட்ட எல்லாருமே வயசான ஆண்கள், உங்களுக்கு அத வெச்சு எதுவும் சொல்ல முடியாது. மாதவிடாய் வர்ற வயசுல உங்களுக்கு இரும்பு கம்மியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எச்பி 12.5 இருந்தா தாராளமா தானம் பண்ணுங்க, பெண்களுக்கு 120 நாள் இடைவெளி, யாரோ ஒருத்தருக்கு உதவும். உங்களுக்காகப் பண்ண வேண்டியது வேற மா. பரம்பரையா மார்பகப் புற்றுநோய் வர வைக்கற ஜீன் கோளாறு இருக்கான்னு பாக்கற பிஆர்சிஏ டெஸ்ட் அம்மாவுக்கு எடுத்தாங்களான்னு கேளுங்க, எடுக்கலன்னா முதல்ல அம்மாவுக்கு எடுக்கறதுதான் முறை. உங்க ஸ்கேன எந்த வயசுல ஆரம்பிக்கணும்னு அம்மாவப் பாக்கற டாக்டர் கிட்டயே இந்த மாசமே ஒரு அப்பாயின்மென்ட் போட்டுடுங்க, 40 வரட்டும்னு காத்துருக்க வேண்டாம்.