வக்கீல் பதில்: ‘கஷ்டத்துக்கு ஒரு லைசென்ஸ்’ உண்டா?

கேள்வி: கோயம்பேட்டிலிருந்து மெஸ்களுக்குக் காய்கறி ஏற்றும் குட்டியானை ஓட்டுகிறேன். வண்டிக்கு இன்னும் டியூ கட்டுகிறேன். போன் பேசிக்கொண்டே ஓட்டினேன் என்று லைசென்ஸை 3 மாதம் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் இதே கதிதான். ஆனால் அவன் கோர்ட்டில் கஷ்டத்தைச் சொல்லி ‘ஹார்ட்ஷிப் லைசென்ஸ்’ வாங்கி வேலைக்குப் போய்வருகிறானாம். எனக்கு ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கிடைத்தால் போதும். எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?
– பெயர் வேண்டாம், கொளத்தூர்

பதில்: அல்லிக்குளம் கோர்ட்டில் தொடங்கி ஹைகோர்ட் வரை ஏறி இறங்கினாலும் அப்படி ஒரு லைசென்ஸ் கிடைக்காது தம்பி. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. சஸ்பெண்ட் என்றால் 24 மணி நேரமும் சஸ்பெண்ட்தான்.

சித்தப்பா மகனிடம் மீதிக் கதையையும் கேளுங்கள். டெக்சாஸில் அதற்கு ‘ஆக்குபேஷனல் லைசென்ஸ்’ என்று பெயர். எந்த நேரம், எந்த வேலைக்கு, எந்தப் பகுதிக்குள் என்று ஜட்ஜ் எழுதிக் கொடுப்பார். வழக்கமாக நாளுக்கு 4 மணி நேரம். அவசியத்தை நிரூபித்தால் 12 வரை. நீங்கள் கேட்கும் 6 மணி நேரம் அங்கேயும் சும்மா கிடைக்காது. உத்தரவின் நகல் வண்டியிலேயே இருக்க வேண்டும். எஸ்.ஆர்.-22 என்று இன்சூரன்ஸ் கம்பெனி அரசுக்குத் தனியாகச் சான்று கொடுக்க வேண்டும். பெரிய லாரி, பஸ்ஸுக்கு அது செல்லவும் செல்லாது. (நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் என் கட்சி. வண்டியே சோறு போடும் ஆளையும், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் பறக்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்.)

இங்கே உங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட் இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ். 19-வது பிரிவின்படி, உங்கள் தரப்பைக் கேட்காமல் அவர் சஸ்பெண்ட் செய்யக் கூடாது. அதற்குத்தான் விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் வருகிறது. நம் ஆட்கள் அதைத்தான் தொலைக்கிறார்கள். வியாசர்பாடியில் எனக்கு ஒரு கட்சிக்காரர். ரிஜிஸ்டர் தபாலை அவர் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, ரேஷன் கார்டும் கேஸ் புத்தகமும் இருக்கும் மஞ்சப்பையில் பத்திரமாக வைத்துவிட்டார். அடுத்து வந்த உத்தரவும் அதே பைக்குள் போயிற்று. என்னிடம் வந்தபோது இரண்டு கவரும் பிரிக்காமலே இருந்தன. உத்தரவு வந்து 47 நாள் ஆகியிருந்தது. மேல்முறையீட்டுக்குச் சட்டம் கொடுக்கும் கெடு 30 நாள்.

உங்களுக்கு அந்த 30 நாள் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், விளக்கம் கேட்காமலே சஸ்பெண்ட் செய்தார்களா, போன் பேசியதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள் என்பதை வைத்து மேல்முறையீட்டு மனு எழுதுங்கள். டியூ, பிள்ளை ஃபீஸ் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். கஷ்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். போன், சிக்னல் மீறல், அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது இவற்றுக்கெல்லாம் குறைந்தது 3 மாதம் என்று சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லிவிட்டது. அதிகாரி கையில் குறைப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. மனு போட்டுவிட்டோம் என்று சாவியைக் கையில் எடுக்கவும் வேண்டாம். சஸ்பென்ஷனுக்குத் தடை உத்தரவு வரும்வரை சஸ்பென்ஷன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் பிடிபட்டால் 182-வது பிரிவு: 3 மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வேறு ஆர்.டி.ஓ.வில் புது லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று புரோக்கர் வருவார். சஸ்பெண்டில் இருக்கும்போது விண்ணப்பிப்பதும் அதே பிரிவில் குற்றம்தான்.

மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் உள்ள டிரைவரை நாள் கூலிக்கு வைப்பதுதான் வழி. லாபம் போகும், மெஸ்காரர்கள் போக மாட்டார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் லைசென்ஸ் சஸ்பெண்டில் இருக்கிறது. ஸ்கூட்டர் என் பெயரில். பக்கத்துத் தெரு டியூஷனுக்குப் பிள்ளையை அவர் கூட்டிப் போகலாமா? யாரும் பிடிக்க மாட்டார்கள்.
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பிடித்தால் அவரோடு நீங்களும் மாட்டுவீர்கள் அம்மா. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் சொந்தக்காரருக்கு 180-வது பிரிவில் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட விழலாம். அதைவிடப் பெரிய பயம் விபத்து. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டத் தகுதி இல்லாதவர் ஓட்டினார் என்று காட்டி உங்களிடமே வசூலிக்கக் கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். பக்கத்துத் தெருதானே, நடந்தே கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: 3 மாதம் முடிந்த மறுநாளே வண்டி எடுக்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், வண்ணாரப்பேட்டை

பதில்: கார்டு ஆர்.டி.ஓ.விடம்தானே இருக்கிறது? ஓட்டுநர் மறுபயிற்சி வகுப்பை முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. கடைசி வாரம்வரை காத்திருக்காமல் இப்போதே போய், எங்கே வகுப்பு, என்ன சான்று என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.