சனி, ஞாயிறு மட்டும் ஆடுபவருக்கு ஐந்து நாள் முன்னுரிமை எதற்கு?

கேள்வி: அண்ணா, நான் முழுநேரத் தேசிய சேவையில் இருக்கிறேன். வெள்ளி இரவு முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தால் ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர், இப்போது ஆளுக்கொரு முகாம். அடுத்த மாதம் ஒரு புதிய ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் எர்லி ஆக்சஸில் வருகிறது. 40 வெள்ளி, 70 வெள்ளி, 120 வெள்ளி என்று மூன்று பொதிகள். 70க்கு வாங்கினால் மற்றவர்களுக்கு ஐந்து நாள் முன்பே உள்ளே போகலாம். 120க்கு அதோடு ஒரு டிராகன் வாகனமும் உண்டு. நண்பர்கள் இருவர் 120 வெள்ளிப் பொதியை முன்பதிவு செய்துவிட்டார்கள். நான் வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவேன். அம்மாவோ, “கட்டி முடிக்காத வீட்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா?” என்கிறார். வாங்கலாமா?

– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, முதலில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. கட்டி முடிக்காத வீட்டுக்கு யாரும் காசு கொடுக்கமாட்டார்கள் என்று சிங்கப்பூரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. பிடிஓ (கட்டுவதற்கு முன்பே பதிவு செய்யும் அரசு வீடு) குலுக்கலில் பெயர் விழுந்து, முன்பணம் கட்டிவிட்டு, மூன்று நான்கு வருடம் வார இறுதியில் போய் மண்மேட்டைப் பார்த்துவிட்டு வரும் தம்பதிகள் நம் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் அங்கே பின்னால் நிற்பது வீவக, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். தாமதமானாலும் சாவி கைக்கு வரும். கேம் உலகத்தில் அப்படி ஒரு வீவக கிடையாது. ஆக, அம்மாவின் உவமைதான் தப்பு, பயம் சரி.

உங்கள் கேள்வியில் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, அரைகுறையாக இருக்கும் கேமை இப்போதே வாங்கி, அது வளரும்போது கூடவே ஆடுவது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை 2013இல் தொடங்கிவைத்தது இந்த வகையைத்தான். இன்னொன்று, தயாராகிவிட்ட கேமுக்குள் கூடுதல் காசு கொடுத்து நாலைந்து நாள் முன்பாக நுழைவது. டயாப்லோ 4 என்ற கேம் 2023 ஜூனில் வந்தபோது விலை கூடிய பதிப்பு வாங்கியவர்களை நான்கு நாள் முன்னாடியே உள்ளே விட்டார்கள். நீங்கள் சொல்லும் நிறுவனம் கெட்டிக்கார நிறுவனம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விற்கிறது. அதாவது, முடியாத கேமுக்குள் முன்னதாக நுழைய 30 வெள்ளி கூடுதல். பாதி வெந்த பிரியாணிக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பதற்குக் கட்டணம் வாங்குவதுபோல.

முதலில் 30 வெள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதுதான் சுலபம். ஐந்து நாள் முன்னுரிமை வியாழக்கிழமை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் நீங்கள் முகாமில். வெள்ளி இரவு வீட்டுக்கு வந்து, குளித்து, அம்மா வைத்ததைச் சாப்பிட்டு உட்கார மணி ஒன்பது, பத்து. சர்வர் திறந்த முதல் வாரம் என்பதால் உள்ளே நுழையவே வரிசை இருக்கும். சனி முழுதாகக் கிடைக்கும், குடும்பத்தில் யாருக்கும் கல்யாணம் இல்லாவிட்டால். ஞாயிறு மதியம் வரை. திங்கள், மறுபடி முகாம். ஐந்து நாளுக்குக் காசு கொடுத்து ஒன்றரை நாள் வாங்குகிறீர்கள். அந்த வாரம் காவல் பணி விழுந்தால் அதுவும் இல்லை. எனவே 70 வெள்ளிப் பொதி வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஞ்சுவது 40 வெள்ளி. இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

ஸ்டீமில் எர்லி ஆக்சஸ் கேம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நீலப் பெட்டி இருக்கும். எல்லோரும் தாண்டிப்போகிற பெட்டி. இந்த கேம் முடியவில்லை, இனிமேல் மாறலாம், மாறாமலும் போகலாம், இன்று இருக்கும் நிலையில் ஆட உங்களுக்கு ஆசை இல்லையென்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்கிற அர்த்தத்தில் அதில் எழுதியிருக்கும். விற்பவனே கடை வாசலில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறான். நாம்தான் அதற்குக் கீழே இருக்கும், இனி வரப்போவதன் பட்டியலைப் பார்க்கிறோம்: அடுத்த காலாண்டில் கோட்டை முற்றுகை, அதற்கடுத்து கப்பல், அப்புறம் வீடு கட்டும் வசதி. அந்தப் பட்டியலுக்காகத்தான் காசு கொடுக்கத் தோன்றுகிறது என்றால் கொடுக்காதீர்கள். இன்று உள்ளே இருக்கும் ஒரு காடும் இரண்டு குகையும் 40 வெள்ளிக்குப் போதும் என்று தோன்றினால் மட்டும் யோசியுங்கள்.

இதில் இரண்டு துருவத்தையும் பார்த்தாகிவிட்டது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எர்லி ஆக்சஸில் வந்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆடியவர்களின் குறைகளைக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்ட்டில் முழுதாக வந்தபோது அந்த வருடத்தின் பெரிய விருதுகளை அள்ளியது. அதே 2023 டிசம்பர் 7இல், ஸோம்பிகள் திரியும் மாபெரும் ஆன்லைன் உலகம் என்று வருடக்கணக்காக விளம்பரம் செய்யப்பட்ட ‘தி டே பிஃபோர்’ என்ற கேம் எர்லி ஆக்சஸில் வந்தது. நான்கே நாளில், டிசம்பர் 11 அன்று, நிறுவனம் கடையைச் சாத்துவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியில் சர்வரும் அணைந்தது. வாங்கியவர்களுக்குக் காசு திரும்பக் கிடைத்தது, அது தனிக் கதை. 2012இல் பணம் திரட்டத் தொடங்கி இன்னும் ஆல்ஃபா என்ற ஆரம்பச் சோதனை நிலையிலேயே நிற்கும் ஸ்டார் சிட்டிசன் கேம், இந்த இரண்டிலும் சேராது. அதை ரசித்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.

தனியாக ஆடும் கேம் என்றால் நிறுவனம் போனாலும் கணினியில் இருப்பதை ஆடிக்கொள்ளலாம். ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமில் அது முடியாது. கேம் இருப்பது அவர்கள் சர்வரில். அது நின்றால் உங்கள் 40 வெள்ளி, உங்கள் வாள், உங்கள் 300 மணி நேரம் எல்லாம் சேர்ந்து போகும். எனக்கு நடந்திருக்கிறது. பெயர் வேண்டாம், இப்போது அந்த நிறுவனமே இல்லை. நூறு வெள்ளிக்குமேல் கொடுத்து ஒரு பவுண்டர்ஸ் பேக் (முதலில் ஆதரிப்பவர்களுக்கான சிறப்புப் பொதி) வாங்கினேன், வெள்ளை ஓநாய் வாகனத்தோடு. கடைசி இரவு நகரச் சதுக்கத்தில் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். யாரோ மிச்சம் வைத்திருந்த வாணத்தை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டார். பன்னிரண்டு மணிக்கு ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. காசு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த கேமை நான் மொத்தமே பதினொரு மணி நேரம்தான் ஆடியிருந்தேன் என்பதை அப்புறம் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. அதை வாங்கியது ஆடுவதற்கே இல்லை, வரப்போவதைக் கற்பனை செய்துகொண்டிருப்பதற்கு.

நிறுவனத்தை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். விளம்பரக் காணொளியை விட்டுவிட்டு, சோதனைக் காலத்தில் வந்த பேட்ச் குறிப்புகளை, அதாவது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் என்ன மாற்றினார்கள் என்ற பட்டியலை, தேடிப் படியுங்கள். மாதத்துக்கு எத்தனை வந்தன, அவற்றில் திருத்தம் எவ்வளவு, புது உடை விற்பனை எவ்வளவு என்று பாருங்கள். முழு வெளியீட்டின்போது கேம் இலவசமாகப் போகிறதா என்றும் பாருங்கள். பாத் ஆஃப் எக்ஸைல் 2 என்ற கேம் 2024 டிசம்பர் 6இல் எர்லி ஆக்சஸில் வந்தபோது 30 அமெரிக்க டாலர் வாங்கினார்கள், முழுதாக வந்ததும் இலவசம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். கொடுத்த காசுக்கு ஈடாகக் கடையில் செலவழிக்கப் புள்ளிகளும் கொடுத்தார்கள். அது நேர்மையான வியாபாரம். எர்லி ஆக்சஸ் முடியும்போது நீங்கள் வளர்த்த கதாபாத்திரங்களை அழித்து எல்லோரையும் முதல் லெவலில் இருந்து தொடங்கவைப்பார்களா என்பது அடுத்த கேள்வி. அழிப்பார்கள் என்றால் ‘பின்தங்கிவிடுவேன்’ என்ற உங்கள் கவலை அங்கேயே தீர்ந்தது.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதை நண்பர்கள் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், கேளுங்கள். எர்லி ஆக்சஸில் பல நிறுவனங்கள் முதலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும் திறப்பார்கள், தென்கிழக்காசியா ‘பிறகு’. இங்கிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்குத் தகவல் போய்வர ஏறக்குறைய 170 முதல் 200 மில்லிசெகண்ட் ஆகும். கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோன்றும். பூதம் காலைத் தூக்குகிறது, நீங்கள் உருளும் பட்டனை அமுக்குகிறீர்கள், உங்கள் திரையில் உருண்டு தப்பியும்விட்டீர்கள். ஆனாலும் செத்துப்போகிறீர்கள். சர்வரின் கணக்கில் நீங்கள் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடும் நம் பகுதி ஆட்கள் வருடக்கணக்காக ஜப்பானில் இருக்கும் டான்பெரி சர்வரில் போய்க் குவிந்தது இதனால்தான். கிடைத்ததில் பக்கம் அது. (அந்த கேமே 2010இல் வந்து படுத்து, 2013இல் மறுபிறவி எடுத்தது. மூன்று வருடம் பொறுத்தவர்களுக்கு நல்ல கேம் கிடைத்தது.)

இத்தனையும் பார்த்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், வாங்கும் முறை இருக்கிறது. ஸ்டீமில் வாங்குங்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் காசைத் திருப்பித் தருவார்கள். எர்லி ஆக்சஸ் கேமுக்கும் இது உண்டு. சொந்தத் தளத்தில் என்ன விதி என்பது அவரவர் இஷ்டம். வெளிநாட்டு நிறுவனம் கைவிரித்தால் இங்கே பயனீட்டாளர் சங்கத்திடம் போய் நின்று 40 வெள்ளியை மீட்பதற்குள் உங்கள் சேவைக் காலமே முடிந்துவிடும். தளத்தில் போட்டிருக்கும் டாலர் குறி அமெரிக்க டாலராக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். வங்கி அதன்மேல் தன் கட்டணத்தையும் வைக்கும், 9 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாகச் சேரலாம். ஸ்டீமில் விலை சிங்கப்பூர் வெள்ளியிலேயே இருக்கும்.

அந்த இரண்டு மணி நேரம் கேம் திறந்திருக்கும் நேரம், நீங்கள் சண்டை போட்ட நேரம் அல்ல. உள்நுழைய வரிசையில் காத்திருப்பதும் சேரும். மூக்கை எவ்வளவு நீட்டலாம், தலைமுடி என்ன நிறம் என்று கதாபாத்திரத்தைச் செதுக்கும் நேரமும் சேரும். அதில் முக்கால் மணி நேரம் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும் (நானும் ஒருவன்). எனவே முகாமில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் வாங்காதீர்கள். அடுத்த வாரம் வெளியே விடாவிட்டால் 14 நாள் அங்கேயே கரையும். வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை காலை, கூட்டம் குறைவான நேரத்தில் வாங்குங்கள். கிடைத்த முகத்தோடு உள்ளே போய் முதல் பெரிய பூதத்தோடு மோதிப் பாருங்கள். அடி லேட்டாக விழுகிறதா, கணினி சூடாகிறதா, சலிக்கிறதா என்று ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, அன்றே திருப்பிக் கேளுங்கள். உங்கள் நண்பர்கள் இருவரும் ஸ்டீமில்தான் முன்பதிவு செய்திருந்தால், வெளிவரும் நாள் வரை அவர்களும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், அதையும் சொல்லிவையுங்கள். ஆனால் முன்னுரிமை நாட்களில் ஆடிவிட்டு அப்புறம் திருப்பலாம் என்ற பழைய ஓட்டையை 2024 ஏப்ரலில் அடைத்துவிட்டார்கள். அந்த நேரமும் இப்போது கணக்கில் வரும்.

பின்தங்குவது பற்றிக் கடைசியாக. 2005இல் மேப்பிள் ஸ்டோரி எஸ்இஏ என்ற ஆன்லைன் கேம் வந்தபோது என் வகுப்பே லேன் கடையில், அதாவது காசு கொடுத்து கணினியில் கேம் ஆடும் கடையில், கிடந்தது. எனக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவே இரண்டு மாதம் ஆனது. நான் போனபோது எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள். என் நண்பன் ஒருவன் மட்டும் ஹெனெசிஸ் என்ற தொடக்க ஊர்ப் பக்கம் திரும்பி வந்து, அவனுக்கு ஒரு பயனும் இல்லாத காளான் பூதங்களை எனக்காக அடித்துக்கொண்டு நின்றான், பக்கத்து நாற்காலியில் மைலோ பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே. அந்த இரண்டு மாதத்தை நான் இழந்ததாக இதுவரை நினைத்ததில்லை. உங்கள் ஐவரில் மற்ற நால்வரும் வெவ்வேறு முகாமில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சனி, ஞாயிறு மட்டும்தான். ஐவருக்கும் ஒரே நாள் விடுப்பு எப்போது என்று முதலில் பாருங்கள். முன்னுரிமை நாட்கள் முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அமைந்தால், அதற்குள் வரிசை குறைந்திருக்கும், முதலில் தெரிந்த பிழைகளைத் திருத்தியிருப்பார்கள், 40 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது என்று நண்பர்கள் இருவரும் சொல்லிவிடுவார்கள். அன்று வாங்குங்கள்.

அந்த 120 வெள்ளி டிராகனில் இரண்டு பேர் உட்கார முடியுமா என்றும் அவர்களிடம் கேட்டுவையுங்கள். சில கேம்களில் பின்னால் ஓர் இருக்கை இருக்கும், சவாரி இலவசம்.