உங்கள் 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியும் இரண்டு ஃபேனுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வருகிறதா?
அந்த 12.7 சார்ஜ் அளவைத்தான் சொல்லும். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) மிச்சம் இருக்கிறதா என்று சொல்லாது. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்று படுத்திருக்கும். ஆசிட் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.240, ஒன்று மட்டும் 1.180 என்றால் அதுதான் ஆள். வேதாரண்யம் பக்கம் என்கிறீர்கள், உப்புத் தண்ணீர் வரும் போரிலிருந்து பேட்டரிக்கு ஏதும் ஊற்றினீர்களா? அந்த உப்பு பிளேட்டைத் தின்றுவிடும்.

நிஜ அளவு தெரிய, முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறம் இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, கார் ஹெட்லைட் பல்பு 55 வாட், பைக் பல்பு 35 வாட் இரண்டையும் தனித்தனியாக பேட்டரியிலேயே நேராக மாட்டுங்கள். ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஆன மணியை 7.5ஆல் பெருக்குங்கள், அதுதான் நிஜ ஏஎச். நல்ல பேட்டரி 20 மணி நேரம் தாங்கும்.

கடைசியில் பக்கத்திலேயே இருங்கள், 10.5க்குக் கீழே விட்டால் இருப்பதும் போகும். உடனே சார்ஜில் போடுங்கள்.