எண்டோடாக்சினைத் தடுத்தால் செப்சிஸ் நின்றுவிடாதா?

"நச்சு எதுவென்று தெரிந்துவிட்டது, பிறகு அதை அடைக்கும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை?" என்று செப்சிஸைப் பற்றி, அதாவது கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளே செயலிழக்கும் நிலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடுதான் ஆராய்ச்சி மாணவனாக ஆய்வகத்துக்குள் போனேன்.

எண்டோடாக்சின் என்பது கிராம் நெகட்டிவ் (ஆய்வகத்தில் கிராம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாத வகை) பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலரா கிருமியை ஆராயும்போது கண்டு சொன்னது. பாக்டீரியா செத்தாலும் இது சாகாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்து எடுத்தாலும் போகாது என்பதால், கண்ணாடிக் குடுவைகளை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டெடுத்துத்தான் வேலையைத் தொடங்குவோம். இதில் நஞ்சான பகுதி லிப்பிட் ஏ. அது நம் வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியில் போய் ஒட்டும்போதுதான் அபாய மணி அடிக்கிறது. இதுதான் எண்டோடாக்சினின் ஏற்பி என்று 1998-ல் அடையாளம் கண்ட புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, ஏற்பியை அடைத்தால்? அடைக்கிறது, அழகாகவே அடைக்கிறது. வெள்ளை அணுக்கள் வளரும் தட்டில் முதலில் தடுப்பு மருந்தை விட்டு, பிறகு எண்டோடாக்சினை விட்டால் அணுக்கள் அசையாமல் இருக்கும். எண்டோடாக்சினை முதலில் விட்டு, நாலு மணி நேரம் கழித்து மருந்தை விட்டால், அதற்குள் டிஎன்எஃப் என்ற அழற்சியைத் தூண்டும் புரதம் வெளியே கொட்டிக் கிடக்கும். இந்தச் சோதனையை எத்தனை முறை செய்தேன் என்று கணக்கில்லை. என் கேள்விக்கான பதிலில் பாதி அந்தத் தட்டிலேயே இருந்தது. மருத்துவமனைக்கு வரும் நோயாளி எப்போதும் இரண்டாவது தட்டுதான்.

எரிடோரான் கதை இதற்கு நேர் சாட்சி. ஜப்பானின் எய்சாய் நிறுவனம் உருவாக்கிய, லிப்பிட் ஏ-வைப் போலவே தோற்றம் கொண்ட மருந்து. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு எண்டோடாக்சினோடு இதையும் கொடுத்தபோது காய்ச்சல்கூட வரவில்லை. ஆனால் கடுமையான செப்சிஸ் நோயாளிகள் 1,961 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 28.1 சதவீதம், பெறாதவர்களில் 26.9 சதவீதம். 2013-ல் முடிவு வெளியானபோது பலரும் டிஎல்ஆர்4 பாதையே முடிந்தது என்றார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தச் சோதனையில் சேர, ரத்தத்தில் எண்டோடாக்சின் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. செப்சிஸ் எண்டோடாக்சின் இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமியாலும் வரும், பூஞ்சையாலும் வரும். அவர்களுக்கு இந்த மருந்து எதைத் தடுக்கும்? அதற்கு இருபது வருடம் முன்பே சென்டாக்சின் என்ற ஆன்டிபாடியும் இங்கேதான் அடி வாங்கியது. 1991-ல் நம்பிக்கை தந்த முடிவு, 1993-ல் தலைகீழானது. கிராம் நெகட்டிவ் கிருமி ரத்தத்தில் இல்லாதவர்களிடம் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் இரண்டாவது சோதனையை நிறுத்தினார்கள். (அந்த ஆன்டிபாடி எண்டோடாக்சினை உண்மையில் செயலிழக்க வைத்ததா என்பதே சந்தேகம், அது வேறு விஷயம்.)

அப்புறம், உடலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. செல்லுக்குள் நுழைந்துவிட்ட எண்டோடாக்சினை கேஸ்பேஸ்-4 என்ற நொதி நேரடியாகப் பிடித்து அந்தச் செல்லையே வெடிக்க வைக்கிறது. டிஎல்ஆர்4-ஐ மட்டும் அடைக்கும் மருந்து இதைத் தொடாது.

எனக்கு நம்பிக்கை தருவது பாலிமிக்ஸின் பி வடிகட்டி. எண்டோடாக்சினை இறுகப் பிடிக்கும் இந்த ஆன்டிபயாடிக்கை ரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் இழைகளில் பிணைத்து, உடலுக்கு வெளியே ரத்தத்தை அதன் வழியே ஓடவிடுகிறார்கள். ஜப்பானில் 1994-லேயே அனுமதி பெற்றது. 2018-ல் வெளியான 450 பேர் சோதனையில் முதன்முறையாக எண்டோடாக்சினை அளந்து ஆளைச் சேர்த்தார்கள். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ஆனால் பிறகு பிரித்துப் பார்த்தபோது, மிக அதிக அளவு உள்ளவர்களை விலக்கினால் மீதிப் பேரிடம் இறப்பு குறைந்திருந்தது. இப்படிப் பின்னால் பிரித்துப் பார்ப்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் அளந்துவிட்டுக் கொடுப்பது என்ற வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

படுக்கையருகே சில நிமிடங்களில் எண்டோடாக்சின் அளவைச் சொல்லும் எளிய சோதனை இருந்து, அதிகமாக இருப்பவருக்கு மட்டும், ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸோடு எரிடோரான் போன்ற ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை யாராவது நடத்தும்வரை இந்தப் பாதை முடிந்துவிட்டது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.