அடி எங்கே விழுந்தது? ட்ரம் சத்தம் மாற்றுவது பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ட்ரம் பற்றித்தான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுகள் தொடங்கிவிட்டன என்று அதிலேயே தெரிகிறது. ட்ரம் சத்தம் மாற்றுவது என்றால், பதிவில் நன்றாக வராத அடிக்குப் பதில் முன்பே எடுத்து வைத்த நல்ல அடிச்சத்தத்தை, அதாவது சாம்பிளை, வைப்பது. கிக் என்பது காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம், ஸ்நேர் குச்சியால் அடிக்கும் சிறிய ட்ரம்.

சர்ச்சில் எடுத்த பதிவில் கிக் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது. சாம்பிள் வைத்து மாற்றினால் ஸ்நேர் அடிக்கும் இடத்திலும் கிக் விழுகிறது. (மார்த்தாண்டம்)

மென்பொருளுக்குக் கிக் எது, ஸ்நேர் எது என்று தெரியாது. சத்தம் சட்டென்று ஏறும் இடத்தைத் தேடும். அந்த ஏற்றம் நீங்கள் வைத்த த்ரெஷோல்டைத் (குறைந்தபட்சச் சத்த அளவு) தாண்டினால் அங்கே ஒரு மிடி நோட் (சாம்பிளை ஒலிக்கச் சொல்லும் குறி) போடும், அவ்வளவுதான். த்ரெஷோல்டை ஏற்றினால் ஸ்நேர் ஒழியும், கூடவே மெதுவாக மிதித்த கிக்கும் ஒழியும்.

அதனால் முதலில் கிக் ட்ராக்கை நகல் எடுங்கள். நகலில் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுங்கள். ஸ்நேரின் உடம்பு பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸில் இருப்பதால் கிக் மைக்கில் கசிந்த அந்தச் சத்தம் நன்றாகக் குறையும். கேட்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும், அந்த நகல் காதுக்கானது அல்ல. அடியைக் கண்டுபிடிக்க மட்டும்தான்.

அடுத்து ரீட்ரிகர் நேரம், அதாவது ஓர் அடியை எண்ணியபின் அடுத்ததை எண்ண மென்பொருள் காத்திருக்கும் நேரம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் பதினாறாம் நோட்டுகளுக்கு (ஒரு தட்டில் நான்கு) இடையே 125 மில்லிசெகண்ட் இருக்கிறது. ரீட்ரிகர் நேரத்தை 80 மில்லிசெகண்டில் வைத்தால் ஒரே அடி இரண்டாக எண்ணப்படாது, உண்மையான அடியும் தப்பாது. இதற்கும் மேல் மிஞ்சுகிற தப்பு நோட்டுகளைக் கையால் அழியுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். செட்டிங்கோடு மல்லுக்கட்டினால் அரை நாள் போய்விடும்.

சாம்பிளைப் பழைய கிக்கோடு கலந்தால் சத்தம் பெருக வேண்டாமா? மெலிந்துபோகிறது! (தக்கலை)

இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை. சத்தம் த்ரெஷோல்டைத் தொட்ட பிறகுதான் நோட் விழுகிறது, அதுவே தாமதம். மேலே சொன்னபடி வெட்டிய நகலில் ஏற்றம் மழுங்கிவிடுவதால் இன்னும் கொஞ்சம் தாமதம். 60 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 16.7 மில்லிசெகண்ட். சாம்பிள் 8 மில்லிசெகண்ட் பிந்தினால் இரண்டு அலைகளும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிடும்.

திரையைப் பெரிதாக்கி, வெட்டாத மூல ட்ராக்கின் தொடக்கத்தோடு சாம்பிளின் தொடக்கத்தைப் பொருத்துங்கள். பிறகு அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒருமுறை தட்டிப் பாருங்கள், எதில் அடிச்சத்தம் கனக்கிறதோ அதுவே சரி. லாஜிக் மென்பொருளில் 'ரிப்ளேஸ் ஆர் டபுள் ட்ரம் ட்ராக்' பெட்டியிலேயே நேரத்தை நகர்த்தும் டைமிங் ஆஃப்செட் இருக்கிறது. ரீப்பர் மென்பொருளில் ரீகேட் என்ற கருவியை, சத்தம் த்ரெஷோல்டைத் தாண்டி அது திறக்கும்போது மிடி நோட் அனுப்ப வைக்கலாம். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ட்ரம்முக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கின் ட்ராக்கோடு மட்டும் சாம்பிளைப் பொருத்தவே பொருத்தாதீர்கள். சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு அடி 3 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேரும், அது இயற்கை.

மாற்றிய ஸ்நேர் மெஷின்கன் மாதிரி கேட்கிறது. (நாகர்கோவில்)

எல்லா அடிக்கும் ஒரே சாம்பிள், ஒரே வெலாசிட்டி (அடியின் பலத்தைக் குறிக்கும் எண்). பல அடிகள் பதிவான சாம்பிள் தொகுப்பாகப் பார்த்து எடுங்கள், வெலாசிட்டியை மூல அடியின் பலத்தைப் பின்தொடர விடுங்கள். ட்ரம்மர் நடுவில் மெல்லத் தட்டும் கோஸ்ட் நோட்டுகளை மாற்றவே வேண்டாம், பழைய ட்ராக்கிலேயே இருக்கட்டும்.

கோயில் கொடைக்கு எடுத்த வில்லிசைப் பதிவில் குடத்தையும் உடுக்கையையும் இப்படி மாற்றலாமா? (சுசீந்திரம் பக்கம்)

எனக்கு மனசு வரவில்லை. வீசுகோல் வில்லில் பட்டாலே மணிகள் அத்தனையும் குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலையும் மென்பொருள் அடி என்று எண்ணிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். உடுக்கையில் கயிற்றை அழுத்த அழுத்த சுருதி வளையுமே, அதற்கு எந்த சாம்பிளை வைப்பீர்கள்? அடி விழுந்த பிறகுதானே அங்கே வாசிப்பே இருக்கிறது! குடம் அமுங்கிக் கேட்டால் குடத்தின் சத்தத்துக்குக் கீழே மட்டும் மெல்லிய கிக் ஒன்றைக் கலந்து பாருங்கள், கேட்பவருக்குத் தெரியாத அளவுக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் அடுத்த கொடைக்குக் குடத்துக்குத் தனி மைக் வையுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே எடுத்தோம், பாதியில் மழை. ட்ரம்மை எல்லாம் மாற்றிவிட்டால் மழைச்சத்தம் போய்விடுமா? (குலசேகரம்)

கிக், ஸ்நேர் மைக்குகளில் போகும். சிம்பலையும் பாட்டையும் எடுத்த மைக்குகளில் மழை அப்படியேதான் இருக்கும். வெறித்ததும் மறுபடி எடுங்கள்.