பி.எஸ்.ஏ. ஏறுகிறது, ஜீன் டெஸ்ட் இருந்தால் கதிர்வீச்சு வேண்டாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக எடுத்து 10 மாதம் ஆகிறது. கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் அளவீடு) 4+3. வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் இருந்ததாக ரிப்போர்ட் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 0.08, 0.14, 0.22 என்று ஏறியிருக்கிறது. கதிர்வீச்சு வேண்டும் என்கிறார்கள். ஜீன் டெஸ்ட்டில் ரிஸ்க் குறைவு என்று வந்தால் அதைத் தவிர்க்கலாமா?

பதில்: தவிர்ப்பது சரியல்ல. சுரப்பியை எடுத்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பி.எஸ்.ஏ. அளவிட முடியாதபடி இறங்கிவிட வேண்டும். அப்பாவுக்கு அது சுமார் நான்கு மாதத்தில் இரட்டிப்பாகும் வேகத்தில் ஏறுகிறது. ஓரத்திலும் புற்றணு இருந்ததால், சுரப்பி இருந்த இடத்திலேயே மிச்சம் தங்கியிருக்கலாம். கதிர்வீச்சு குறிவைப்பது அந்த மிச்சத்தைத்தான்.

முதலில் அதே லேபில் இன்னொரு முறை பி.எஸ்.ஏ. பாருங்கள். பயோட்டின் (ஒரு வகை வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் குறைந்தது மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கட்டும். சில கருவிகளில் அது அளவைக் குறைத்துக் காட்டிவிடும். மறுபடியும் 0.2-க்கு மேல் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். புராஸ்டேட் புற்றணுக்கள் எங்கே இருக்கின்றன என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் பலருக்கு அதில் ஒன்றும் தெரியாது. தெரியும்வரை ஏறட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. 0.5-ஐத் தாண்டவிட்டால் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஜீன் டெஸ்ட் உதவுவது வேறொரு முடிவுக்கு: கதிர்வீச்சோடு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சையும் சேர்க்க வேண்டுமா என்பதற்கு. டெசிஃபர் என்ற பரிசோதனை, கட்டியில் 22 ஜீன்களின் செயல்பாட்டை அளந்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும். 0.45-க்குக் கீழே ரிஸ்க் குறைவு, 0.60-க்கு மேல் அதிகம். புதிதாக பயாப்ஸி தேவையில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த திசு மெழுகில் பதித்து நோய்க்கூறியல் லேபில் வைக்கப்பட்டிருக்கும். அதில் கிளீசன் மிக அதிகமான பகுதியைத்தான் அனுப்ப வேண்டும். புற்றணு குறைவான துண்டு போனாலோ ஜீன் செயல்பாட்டை அளக்கத் தேவையான ஆர்.என்.ஏ. மூலக்கூறு சிதைந்திருந்தாலோ முடிவே வராமல் போகலாம்.

மதிப்பெண் குறைவாக இருந்தால், இப்போதுள்ள பி.எஸ்.ஏ. அளவில் ஹார்மோனால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறியதுதான். திடீர் உடல் வெப்பம், எலும்புத் தேய்மானம், சோர்வு போன்ற தொல்லைகளோடு அதை எடைபோட்டு, கதிர்வீச்சு மட்டும் போதும் என்று முடிவெடுக்கலாம். அதிகமாக இருந்தால் சேர்ப்பதே நல்லது. பொதுவாக ஆறு மாதம், சிலருக்கு இரண்டு வருடம் வரை. இரட்டிப்பு வேகமாக இருப்பதால், மதிப்பெண் நடுவில் வந்தாலும் அப்பாவுக்கு ஹார்மோன் சேர்க்கவே நான் சொல்வேன்.

ரிப்போர்ட் வர சில வாரம் ஆகும். அதற்குள் கதிர்வீச்சைத் திட்டமிட எடுக்கும் சி.டி. ஸ்கேனை முடித்துவிடுங்கள். வழக்கமாக 64 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), 32 அமர்வுகள். சுரப்பி இருந்த இடத்துக்கு 70 கிரே கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், கூடவே பி.எஸ்.ஏ.யும் இறங்கும். அதனால் பிறகு பி.எஸ்.ஏ. பார்க்கும்போதெல்லாம் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் இயல்பு நிலைக்குத் திரும்பிய பிறகும் பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தால்தான் கதிர்வீச்சு வேலை செய்திருக்கிறது என்று நம்பலாம்.